குருதியில் தெரியும் நரம்பின் காயம்: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்னும் நரம்பு நோயைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருக்கின்றன: நரம்பில் ஏற்படும் சேதத்தைக் குருதியில் அளக்கலாமாமே, அது எங்களுக்குப் பயன்படுமா என்பது. ஆகவே இம்முறை ஏனைய நோய்களைத் தள்ளிவைத்து இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும்போது, "அம்மா, வலது கண்ணால் பார்த்தால் குங்குமம் செங்கல் தூள் மாதிரித் தெரியுது" என்றாள். இரண்டு நாளில் அந்தக் கண்ணை அசைக்கவே நோவு வந்தது. ஒரு வாரத்தில் பார்வை பாதியாகக் குறைந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்து எம்.எஸ். என்று சொல்லி, ஐந்து நாட்கள் நாளத்தின் வழியே மருந்து ஏற்றினார்கள். பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. நோய் மீண்டும் தாக்காமலிருக்க நீண்டகால மருந்தொன்றைத் தொடங்க வேண்டும் என்கிறார் நரம்பியல் நிபுணர். ஆனால் சுவிற்சர்லாந்தில் பாசல் நகரில் இருக்கும் என் தம்பி, அங்கே இந்த நோய்க்கு 'நியூரோஃபிலமென்ட்' என்றொரு குருதிப் பரிசோதனை செய்கிறார்கள், அதைச் செய்து பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்கலாம் என்கிறார். காத்திருக்கலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு இந்த மருந்து தேவையா என்ற முடிவு அவருடைய அறிகுறிகளையும் ஸ்கானையும் கொண்டு எடுக்கப்படுவது. அந்த முடிவை நிறுத்திவைக்கும் தகுதி இந்தக் குருதிப் பரிசோதனைக்கு இன்றுவரை இல்லை. எம்.எஸ். நோயில் முதல் சில வருடங்களில் பாதுகாக்கப்படும் நரம்பிழைகளே பிற்காலத்தில் கைகொடுப்பவை.

உங்கள் மகள் குங்குமத்தின் நிறத்தைக் கவனித்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கண்நரம்பு அழற்சியில் எழுத்துகள் மங்கும் முன்பே சிவப்பு வெளிறிவிடுவது வழக்கம். கண் சொட்டுமருந்துப் போத்தலின் சிவப்பு மூடியொன்றை இதற்காகவே என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடச் சொல்லி மூடியைக் காட்டி, பிறகு மற்றக் கண்ணால் பார்க்கச் சொல்வேன். "இது பழைய மூடி, அது புது மூடி" என்று ஒரே மூடியைப் பார்த்துச் சொன்னவர்கள் உண்டு.

உங்கள் தம்பி சொன்னது வெறும் கேள்விஞானம் அன்று. பாசல் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பேராசிரியர் யென்ஸ் கூலேயின் குழுவினர் இந்தப் பரிசோதனையை எம்.எஸ். நோய்க்குப் பயன்படுமாறு வளர்த்தெடுத்தவர்களுள் முன்னணியில் நிற்பவர்கள். எம்.எஸ். நோயில், உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புக் கலங்கள் மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. உறை உரிவதோடு நின்றால் ஓரளவு மீள வளரும். பல இடங்களில் உள்ளே ஓடும் இழையும் அறுந்துபோகிறது. அந்த இழைக்குள், அதன் தடிப்பையும் உறுதியையும் காப்பதற்காக, 10 நனோமீற்றர் பருமனில் நீள நீளமாக ஒரு புரதச் சரம் கிடக்கிறது, அதுவே நியூரோஃபிலமென்ட். அதன் பல கூறுகளுள் எடை குறைந்த கூற்றை 'என்.எஃப்.எல்.' என்று சுருக்கி அழைப்பார்கள். இழை சேதமடையும்போது இந்தப் புரதம் மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் கசிந்து, அங்கிருந்து மிகச் சிறிதளவு குருதிக்கும் வந்துசேர்கிறது. ஆகவே குருதியில் அதன் அளவு உயர்ந்திருந்தால், அண்மைய வாரங்களிலோ மாதங்களிலோ எங்கோ நரம்பிழைகள் சிதைந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

'எங்கோ' என்ற சொல்லைத் தெரிந்தே எழுதினேன். எந்த நோயால் சிதைந்தது என்பதை அந்தப் புரதம் சொல்லாது. பக்கவாதத்திலும், தலையில் அடிபட்டாலும், மோட்டார் நியூரோன் நோயிலும், மறதிநோயிலும் அதே புரதம்தான் கசிகிறது. அதனால்தான் எம்.எஸ். நோயை உறுதிசெய்ய உலகெங்கும் பின்பற்றப்படும் மக்டொனால்ட் விதிகளின் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இதற்கு இடம் கொடுக்கப்படவில்லை. அதே திருத்தத்தில் கண்நரம்பை நோய் தாக்கும் ஐந்தாவது இடமாக ஏற்றுக்கொண்டார்கள்; உங்கள் மகளைப் போலக் கண்ணில் தொடங்குபவர்களுக்கு நோயை நேரகாலத்தோடு உறுதிசெய்ய அது உதவும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு தாக்குதலுக்குப் பின் குருதியில் இந்தப் புரதம் சில வாரங்களில் உச்சத்துக்கு ஏறி, மெல்ல மெல்ல இறங்கிப் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதங்கள் எடுக்கும். தாக்குதல் நடந்த கையோடு இரத்தம் எடுத்து அளந்தால், கண்ணில் நடந்ததை எண்ணாக எழுதி வாங்குவீர்கள். அதற்கு மேல் புதிதாக ஒன்றும் கிடைக்காது. வயது ஏற ஏற, நோயில்லாதவர்களுக்கும் இந்த அளவு ஏறுகிறது. உடற்பருமன் கூடியவருக்கு, குருதியின் மொத்தக் கனவளவு கூடுதலாக இருப்பதால், அளவு குறைந்து தெரியும். 2022இல் பாசல் குழுவினர் எம்.எஸ். இல்லாத 5000க்கும் மேற்பட்டோரின் மாதிரிகளை அளந்து, வயதையும் உடற்திணிவுச் சுட்டியையும் கணக்கில் எடுத்த ஒப்பீட்டு அட்டவணையை வெளியிட்டது இதற்காகத்தான். குழந்தையின் எடையைச் சாய்சாலையில் வளர்ச்சி அட்டையின் கோட்டோடு ஒப்பிடுகிறார்களே, அந்த முறைதான். 27 வயதுப் பெண்ணுக்கு உயர்வாகக் கொள்ள வேண்டிய எண், 65 வயதுக்காரருக்குச் சாதாரணமாக இருக்கலாம். இந்த ஒப்பீடு இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் அச்சிட்டு அனுப்பும் அறிக்கையை வைத்துக்கொண்டு நீங்கள் இரவெல்லாம் விழித்திருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அப்படியானால் இந்தப் பரிசோதனை எதற்கு நல்லது? ஒரே ஆளை, ஒரே முறையில், காலத்தோடு காலம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. தாக்குதல் ஓய்ந்த பிறகு ஒருமுறையும், மருந்து தொடங்கி ஆறு மாதமளவில் ஒருமுறையும் அளந்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அது ஒரு சாட்சி. நோயாளி தன் உடலில் எதையும் உணராமலேயே மூளைக்குள் புதிய புண்கள் தோன்றுவது இந்த நோயில் மிகவும் சாதாரணம். இரண்டு ஸ்கான்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நடந்து மறைந்ததைக்கூட இந்த அளவு காட்டிக்கொடுக்கக் கூடும். ஆனால் இரண்டு முறையும் ஒரே ஆய்வுகூடம், ஒரே அளவீட்டு முறை என்று இருக்க வேண்டும். ஒரு கருவியில் வந்த எண்ணை இன்னொரு கருவியில் வந்த எண்ணோடு நேரே ஒப்பிட முடியாது.

இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவை நினைப்பதற்கு முன், வேறோர் இரண்டு குருதிப் பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று மகளின் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். இரண்டும் பிறபொருளெதிரிகளை, அதாவது நோயெதிர்ப்புத் தொகுதி உண்டாக்கும் புரதங்களைத் தேடுபவை. ஒன்று அக்குவாபொரின்-4 பிறபொருளெதிரி. மற்றது மொக் பிறபொருளெதிரி. எம்.எஸ். போலவே கண்ணையும் முண்ணாணையும் தாக்கும் 'நியூரோமயலைற்றிஸ் ஒப்ரிக்கா' என்ற இன்னொரு நோய் உண்டு. முன்பு இரண்டையும் ஒன்றாகவே எண்ணினார்கள். 2004இல் மேலே சொன்னவற்றுள் முதலாவது பிறபொருளெதிரி கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் வழி தெளிவாகப் பிரிந்தது. ஆசிய நாடுகளில், எம்.எஸ். குறைவாக இருப்பதால், இந்த நோயின் பங்கு ஒப்பீட்டளவில் பெரிது. இன்ரர்பெரோன், ஃபிங்கோலிமொட் போன்ற, எம்.எஸ். நோய்க்கு நல்ல மருந்துகள் இந்த நோயை மோசமாக்கக் கூடியவை. ஆகவே என்.எஃப்.எல். அளவு இல்லாமல் உங்கள் மகளுக்கு மருந்து தொடங்கலாம்; இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் தொடங்குவதைத்தான் நான் தயங்குவேன். நிபுணர் இதை ஏற்கெனவே பார்த்திருக்கக் கூடும். அடுத்த முறை போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவன். மூளைக்கும் குருதிக்கும் இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது என்று படித்தோம். அப்படியிருக்க, மூளையிலுள்ள புரதம் கையிலிருந்து எடுக்கும் இரத்தத்துக்கு எப்படி வருகிறது? அவ்வளவு சிறிய அளவை எப்படி அளக்கிறார்கள்?
– மூதூர்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. உங்கள் பாடப்புத்தகம் சொல்வது சரி. அந்தத் தடுப்பு பெரும்பாலும் குருதியிலிருந்து மூளைக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. மூளையிலிருந்து வெளியேறுவதற்கு வேறு வழிகள் உண்டு. மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் பாய்பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் புதிதாகச் சுரப்பது ஏறக்குறைய 500 மில்லிலீற்றர். அப்படியானால் பழையது ஒரு நாளில் மூன்று நான்கு முறை எங்கோ வடிந்துபோக வேண்டுமல்லவா? மூளையின் மேலுறையில் உள்ள சிறு முடிச்சுகள் வழியாகப் பெரிய நாளங்களுக்கும், நிணநீர்க் குழாய்கள் வழியாகக் கழுத்துக்கும் வடிகிறது. அந்த வடிகாலோடுதான் நியூரோஃபிலமென்ட்டும் வருகிறது. எம்.எஸ். தாக்குதலின்போது தடுப்பே சில இடங்களில் கிழிந்துவிடுவதால் நேரடியாகவும் கசியலாம்.

வந்துசேரும்போது மிகவும் ஐதாகிவிடும். பாய்பொருளில் இருக்கும் செறிவில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் குருதியில் இருக்கும். அளவு பிக்கோகிராமில் சொல்லப்படும்: ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம். ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் குருதியில் மில்லிலீற்றருக்குச் சில பிக்கோகிராம் மட்டுமே இருக்கும். முன்பிருந்த முறைகளுக்கு இது எட்டவில்லை. ஆகையால் முதுகில் ஊசி குத்திப் பாய்பொருள் எடுத்தே அளந்தார்கள். யாரும் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்துகொள்ள உடன்பட மாட்டார்கள்.

2010இல் ஐக்கிய அமெரிக்காவில் டேவிட் வோல்ற் என்ற வேதியியலாளரின் குழு வெளியிட்ட முறை இந்த நிலையை மாற்றியது. 'சிமோவா' என்பது அதன் பெயர். புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி பூசிய நுண்ணிய காந்த மணிகளைக் குருதித் தெளியத்தில் கலக்கிறார்கள். புரத மூலக்கூறைப் பிடித்த மணியில், ஒளிரவைக்கும் நொதியொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு மணிகளை, ஒரு குழிக்கு ஒரு மணி என்ற கணக்கில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்குழிகள் உள்ள தட்டில் இறக்கி, எத்தனை குழிகள் ஒளிர்கின்றன என்று எண்ணுகிறார்கள்.

இரவில் கடற்கரையில் நின்று, கணவாய்க்குப் போன வள்ளங்களின் விளக்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த விளக்குகள் எல்லாம் சேர்ந்தாலும் கரையில் நிற்கும் உங்களுக்கு ஒரு வரி வாசிக்க வெளிச்சம் தராது. ஆனால் கடல் இருட்டாக இருப்பதால் எத்தனை வள்ளம் என்று விரல் நீட்டி எண்ணிவிடலாம். பழைய முறைகள் மொத்த வெளிச்சத்தை அளக்க முயன்றன. இந்த முறை வள்ளங்களை எண்ணுகிறது.

கேள்வி: துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். வயது 63. பதினைந்து வருடமாக நீரிழிவு. கிரியட்டினின் கொஞ்சம் கூட என்று சொல்லியிருக்கிறார்கள். இரவில் உள்ளங்கால் எரிகிறது. இந்த நரம்புச் சேதப் பரிசோதனையை நானும் செய்துகொள்ளலாமா?
– திருகோணமலை நகரம்

பதில்: வேண்டாம், ஐயா, உங்கள் பணத்தை அதில் போடாதீர்கள். உங்களுக்கு அளந்தால் எண் உயர்ந்தே இருக்கும், ஆனால் ஏன் உயர்ந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. 63 வயது ஒரு காரணம். நீரிழிவால் கால் நரம்புகள் நலிவது இன்னொன்று. சிறுநீரகம் தளர்ந்தால் இந்தப் புரதம் குருதியில் தேங்குவது மூன்றாவது. நமக்கு அயலிலுள்ள வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் எவ்வளவு பரந்திருக்கிறது என்பது தெரிந்ததே; நம் பகுதி நோயாளி ஒருவரின் என்.எஃப்.எல். அளவைப் பார்க்கும் எவரும் முதலில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினினைக் கேட்க வேண்டும் என்று இளைய வைத்தியர்களிடம் நான் சொல்வதுண்டு.

உங்கள் கால் எரிவுக்குத் தேவையானது மிகவும் எளியது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனை, மூன்று மாதச் சர்க்கரை அளவு, விற்றமின் பி12 அளவு. ஒவ்வோர் இரவும் பாதங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்; உணர்ச்சி குறைந்த காலில் முள் தைத்தாலும் தெரியாது.

கேள்வி: எனக்கு எம்.எஸ். இருப்பது நான்கு வருடமாகத் தெரியும். வயது 34. சென்ற மாதம் அப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்காகக் கன்னியாவுக்குப் போனோம். வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக் குளித்துவிட்டுப் படியேறும்போது இடது கண் இருட்டிவிட்டது, கால் தள்ளாடியது. அண்ணா தாங்கிப் பிடித்துக்கொண்டார். நிழலில் ஒரு மணி நேரம் இருந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. புதிதாக நரம்பு அறுந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. குருதியில் பார்த்தால் தெரியுமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: அப்பாவை இழந்த துயரத்தோடு இந்தப் பயமும் சேர்ந்துகொண்டதே என்று வருந்துகிறேன். உங்களுக்கு நடந்ததற்கு ஒரு பெயர் உண்டு. 1890இல் ஜேர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊத்தொஃப், உடல் உழைப்புக்குப் பின் சிலருக்குப் பார்வை மங்கித் திரும்புவதைப் பதிவுசெய்தார். உடல் சூடாவதே காரணம் என்று பிறகு தெளிவாயிற்று. மயலின் உரிந்த நரம்பிழை, செய்தியை மயிரிழையில் கடத்திக்கொண்டிருக்கும். உடல் வெப்பம் அரைப் பாகை உயர்ந்தாலே போதும், கடத்தல் நின்றுவிடும். உடல் குளிர்ந்தால் மீண்டும் தொடங்கிவிடும். எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில், எம்.எஸ். என்று சந்தேகித்தவர்களை வெந்நீர்த் தொட்டியில் இருத்தி, அறிகுறி வருகிறதா என்று பார்த்து நோயைக் கண்டார்கள். கன்னியா உங்களுக்கு, யாரும் கேட்காமலே, அந்தப் பழைய சோதனையைச் செய்துவிட்டது.

இதில் புதிதாக இழை அறுவதில்லை. ஆகவே குருதியில் கசிவதற்கும் ஒன்றில்லை. பரிசோதனை அவசியப்படாது. உண்மையான தாக்குதல் என்று நாம் எடுத்துக்கொள்வது, காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாத நிலையில், 24 மணி நேரத்துக்கு மேல் நிலைத்து நிற்கும் புதிய அறிகுறியை. அப்படி ஒன்று வந்தால் தாமதியாமல் நிபுணரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல் வந்தாலும் கன்னியாவில் நடந்தது திரும்ப நடக்கும். அப்போது தொற்றுக்கே மருந்து தேவை.

கன்னியாவுக்கு இனிமேல் போகவே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. கிரியைக்குப் போனால் விடியற்காலையில் போங்கள்; சூடு குறைந்த கிணற்றில் தலைக்கு ஒரு வாளி ஊற்றினால் போதும்; அந்த ஈரப்படியில் தனியே ஏறாதீர்கள், குடிக்கக் குளிர்ந்த நீர் கொண்டுபோங்கள். உண்மையில் கன்னியாவைவிட, கச்சான் காற்று வீசும் மாதங்களே உங்களுக்குக் கடினமானவை. அந்த நாட்களில் வெளிவேலைகளைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வதும், கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொள்வதும் பலருக்கு உதவியிருக்கின்றன.

கேள்வி: அக்காவுக்கு எம்.எஸ். எனக்கும் வருமா என்று இப்போதே இரத்தத்தில் பார்க்கலாமா?
– கிண்ணியா

பதில்: வேண்டாம், சகோதரி. மேலைநாட்டு ஆய்வுகளின்படி எம்.எஸ். உள்ளவரின் உடன்பிறந்தவருக்கு அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 அல்லது 3 மட்டுமே; இந்த நோய் பொதுவாகவே அரிதாக உள்ள நம் நாட்டில் அதைவிடக் கூடுதலாக எண்ணக் காரணம் இல்லை.

நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க என்ன காரணம் என்பது ஓரளவு விளங்குகிறது. அமெரிக்க இராணுவத்தினரிடம் பல வருடங்களாகச் சேமித்துவைத்திருந்த குருதியை ஆராய்ந்தபோது, பிற்காலத்தில் எம்.எஸ். வந்தவர்களில் பலருக்கு, முதல் அறிகுறிக்கு ஏறக்குறைய ஆறு வருடங்களுக்கு முன்பே நியூரோஃபிலமென்ட் உயரத் தொடங்கியிருந்தது என்று 2020இல் எழுதினார்கள். அதே சேமிப்பைக் கொண்டு, எப்ஸ்ரைன் பார் வைரசுத் தொற்றுக்குப் பின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று 2022இல் காட்டினார்கள். ஆராய்ச்சிக்கு இவை பெரும் திறப்புகள். தனியொருவருக்கு இவற்றால் இப்போது செய்யக்கூடியது ஒன்றுமில்லை: அந்த வைரசு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருமுறை தொற்றியதுதான், நியூரோஃபிலமென்ட் ஏறினாலும் அது எம்.எஸ். நோயாலா என்று தெரியாது. அறிகுறி இல்லாதவருக்கு ஒரு பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் பரிசோதனையை நான் எழுதிக்கொடுப்பதில்லை.

கேள்வி: என் கணவருக்கு 49 வயது. பன்னிரண்டு வருடமாக எம்.எஸ். முன்பு வருடத்துக்கு ஒருமுறை தாக்குதல் வரும். இப்போது ஐந்து வருடமாக ஒன்றும் வரவில்லை. ஆனாலும் நடை வரவர மோசமாகிறது. முன்பு கோணேசர் கோயிலுக்குக் கீழிருந்து நடந்தே ஏறுவார்; சென்ற சிவராத்திரிக்கு முச்சக்கர வண்டியில் வாசல்வரை போய், அங்கிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். இந்தியாவுக்குப் போனபோது என்.எஃப்.எல். பார்த்தோம், வயதுக்கு ஏற்ற அளவு என்று வந்தது. ஸ்கானிலும் புதிய புண் இல்லையாம். "எல்லாம் நோர்மல்தானே, மனசைத் தளரவிடாதீங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறார்களோ என்று எனக்கு மனம் வேகிறது.
– சல்லி

பதில்: உங்கள் கணவர் சொல்வது உண்மை. இதை இந்தப் பதிலின் முதல் வரியாக வைக்க விரும்பினேன். அறிக்கையில் 'சாதாரணம்' என்று அச்சாகியிருப்பதைக் காட்டி, நடக்க முடியாதவரிடம் நடக்க முடியும் என்று யாரும் வாதாடக் கூடாது.

எம்.எஸ். நோயில் இரண்டு வகைச் சேதம் நடக்கிறது. ஒன்று, வெளியிலிருந்து நோயெதிர்ப்புக் கலங்கள் திரளாகப் புகுந்து செய்வது. அப்போது ஒரே நேரத்தில் பல இழைகள் அறுந்து என்.எஃப்.எல். சட்டென்று உயரும், ஸ்கானில் புண் தெரியும். மற்றது, தடுப்பு மூடியபின்னும் உள்ளேயே தங்கிவிட்ட அழற்சி, நீறு பூத்த நெருப்பாக, வருடக்கணக்கில் ஒவ்வோர் இழையாகத் தின்பது. அதில் ஒரு நாளில் அறுபவை மிகக் குறைவு என்பதால், குருதியில் சேரும் புரதமும் மிகக் குறைவு. ஐம்பதை நெருங்கும் வயதில் இயல்பாகவே ஏறும் அளவுக்குள் அது மறைந்துபோகும். என்.எஃப்.எல். அடிப்படையில் அண்மைக்காலச் சேதத்தின் வேகத்தைக் காட்டும் அளவு. இதுவரை மொத்தம் எவ்வளவு இழந்தார், எஞ்சியிருப்பது எவ்வளவு என்று அது சொல்வதில்லை.

இந்த இரண்டாவது வகையைக் குருதியில் காண வேறொரு புரதத்தை ஆராய்கிறார்கள். நரம்புக் கலங்களுக்கு ஊட்டமும் தாங்கலும் தரும் நட்சத்திர வடிவக் கலங்களிலிருந்து வருவது, ஜி.எஃப்.ஏ.பி. என்று சுருக்கி அழைப்பார்கள். அழற்சி நீடிக்கும் இடங்களில் அந்தக் கலங்கள் கிளர்ந்து பெருகுகின்றன. தாக்குதல் இல்லாமலே நோய் முன்னேறுவதோடு என்.எஃப்.எல். அளவைவிட ஜி.எஃப்.ஏ.பி. அளவே நெருங்கிச் செல்கிறது என்று 2023இல் பாசல் குழுவினர் காட்டினார்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்கான் தேவையா என்று முடிவுசெய்ய இதே புரதத்தை அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2018இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. எம்.எஸ். நோயாளி ஒருவரின் மருந்தை இதை மட்டும் வைத்து மாற்றும் நிலை இன்னும் வரவில்லை. ஆகவே இந்த எண்ணைத் தேடி இன்னொரு பயணம் போக வேண்டாம்.

குருதிப் புரதங்களை நம்பி மருந்துக்கு அனுமதி கொடுப்பது நடக்காத காரியம் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒரு வகை மரபுவழி மோட்டார் நியூரோன் நோய்க்கான டொஃபெர்சன் என்ற மருந்துக்கு, நியூரோஃபிலமென்ட் அளவு குறைந்ததை ஆதாரமாகக் கொண்டு 2023இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தாக்குதலில்லாமல் முன்னேறும் எம்.எஸ். நோய்க்கும் இப்படி நம்பகமான ஓர் அளவு கிடைத்தால், ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வருடக்கணக்கில் நடை தளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிராது. நான் அதை ஆவலோடு காத்திருக்கிறேன்.

இப்போதைக்கு உங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய, எந்தக் குருதிப் பரிசோதனைக்கும் குறையாத ஓர் அளவீட்டைச் சொல்கிறேன். விறாந்தையிலோ முற்றத்திலோ 25 அடி நீளத்தை அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு, ஊன்றுகோல் பிடிப்பவர் என்றால் அதையும் பிடித்துக்கொண்டு, விழாமல் எவ்வளவு விரைவாக நடக்க முடியுமோ அவ்வளவு விரைவாக அவர் அந்தத் தூரத்தைக் கடக்கட்டும். கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் இருந்துவிட்டு இன்னொருமுறை. இரண்டின் சராசரியைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, காலையில், வெயில் ஏறும் முன். உலகின் பெரிய மருந்தாய்வுகள் இந்த 25 அடி நடையையே அளவுகோலாக வைத்திருக்கின்றன. நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடி அப்படியே நிலைத்தால், அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்று கொள்கிறார்கள். உதாரணமாக, 10 செக்கனில் கடந்தவர் 12 செக்கன் எடுப்பது.

இந்தக் கொப்பியை நரம்பியல் நிபுணரின் மேசையில் திறந்து வையுங்கள். தொடக்கத்திலிருந்தே தாக்குதலின்றி முன்னேறும் நோய்க்கு ஒக்ரெலிசுமாப் 2017இலும், தாக்குதல்களோடு தொடங்கிப் பின்னர் முன்னேறும் நோயில், தாக்குதலோ புதிய புண்ணோ இன்னும் வருபவர்களுக்குச் சிப்போனிமொட் 2019இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை உங்கள் கணவருக்குப் பொருந்துமா, எவ்வளவு பயன் தரும் என்பதை அவர் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். எந்த மருந்தாக இருந்தாலும், கால் தசை இறுக்கத்துக்கு மருந்தும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் கேட்டு வாங்குங்கள். புகைப்பவர் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் புகை இந்த நோயை விரைவுபடுத்துகிறது. முதல் மூன்று மாதப் பதிவு சேர்ந்ததும், விரும்பினால், அந்தப் பக்கங்களின் பிரதியொன்றை எனக்கும் அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழில் அவற்றைப் பார்த்து எழுதுகிறேன்.